விமானம் விழுந்தால் உண்டு, குடல்வால் வெடித்தால் இல்லை

கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கார்டு இல்லாதவர்களும் படிக்கலாம். குடல்வால் எல்லோருக்கும் இருக்கிறது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் வங்கி அதிகாரி. ஒரே மகள் வடிவு, கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். நான் சொல்லப்போவது தொண்ணூறுகளின் நடுவில், அவளுக்குத் தலைப்பிரசவம் வந்தபோது நடந்தது. முறைப்படி அவள்தான் இங்கே வந்திருக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறிவிட்டதால் விமானத்தில் ஏறக்கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு ஷிப்டு வேலை, அவருக்குத் தாயாரும் இல்லை. அதனால் நாங்கள் இருவரும் போவது என்று முடிவாயிற்று. பாஸ்போர்ட் எடுத்து, விசா வந்து, தலைமையாசிரியையிடம் மல்லுக்கட்டி நீண்ட விடுப்பும் வாங்கிவிட்டேன். பெண் முதல் பிள்ளையைப் பெறும்போது பெற்றவள் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த வருஷம் எனக்கு வேறு ஆசையே கிடையாது.

டிக்கெட் எடுத்தது என் வீட்டுக்காரரின் கார்டில். அப்போதெல்லாம் எங்கள் ஊரில் கார்டை நீட்டினால் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார். இவர் திருவனந்தபுரம் வரை போய், ஏஜெண்ட் அலுவலகத்தில் அதை ஒரு இரும்புக் கருவியில் வைத்துத் தேய்த்து டிக்கெட் வாங்கி வந்தார். வந்ததிலிருந்து டிக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை. கார்டோடு வந்த வழவழப்பான மடிப்புத்தாளைப் பற்றித்தான் பேசினார். அதில் 'பயணத் தடங்கல் காப்பீடு, இலவசம்' என்று போட்டிருந்தது.

"பாதில எங்கயாவது நின்னு போச்சுன்னு வையி, டிக்கெட்டு பணம் பூராவும் வந்திரும், கோமதி. இதுக்கு நாம தனியா ஒரு பைசா கட்ட வேண்டாம்."

"பாதில ஏன் நிக்கணும்? வாயை வச்சிக்கிட்டு சும்மா இருங்க" என்றேன்.

விமானம் வெள்ளிக்கிழமை இரவு. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், மஸ்கட் மேற்கே இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் என் நாத்தனார் பகவதி மைனி. இவருக்கு மூத்தவர், வள்ளியூரில் இருக்கிறார். சரி, முந்தின நாளே கிளம்பலாம் என்றால் வியாழக்கிழமை தெற்கே சூலம். எங்கள் ஊரிலிருந்து திருவனந்தபுரம் போகிற பாதை முதலில் தெற்கே நாகர்கோவிலுக்குத்தான் போகிறது. எங்கள் வீட்டில் போன் கிடையாது; பக்கத்து வீட்டுப் போனிலேயே மைனி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"புதன்கெழமயே பொறப்பட்டு இங்கன வந்திருங்க. வள்ளியூரு தெக்கதான இருக்கு. ரெண்டு ராத்திரி எங்க வீட்ல கெடந்துட்டு, வெள்ளிக்கெழம மத்தியானம் காருல போங்க. புதன்கெழம பொறப்பட்ட கணக்காயிரும்."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். போகிற நாள் சரியில்லை என்றால் நல்ல நாளில் பெட்டியை மட்டும் வேறொரு வீட்டில் கொண்டு வைப்பார்கள். பரஸ்தானம் என்று பெயர். பெட்டி போனால் ஆள் போன கணக்கு. நாங்கள் பெட்டியோடு நாங்களும் போனோம். ஆளே கிளம்பிவிட்டால் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொள்ளும்: போன காரியம் முடியாமல் வீட்டு வாசற்படியைத் திரும்ப மிதிக்கக் கூடாது. வகுப்பில் அணு எண் சொல்லிக்கொடுக்கிறவள் நான், இதற்கெல்லாம் தலையாட்டினேனா என்றால், ஆட்டினேன். பிள்ளைப்பேறு விஷயத்தில் எவளுக்குத் துணிச்சல் வரும்?

புதன்கிழமை இரவே தொப்புளைச் சுற்றி வலித்தது. மைனி சுட்ட வடையின் மேல் பழியைப் போட்டேன். வியாழக்கிழமை காலையில் வலி அடிவயிற்றில் வலப்பக்கமாக இறங்கியது. வாந்தி வந்தது, உடம்பு கதகதவென்றிருந்தது. டாக்டரிடம் ஒருதரம் காட்டிவிட்டு வரலாமா என்று இவர் மெதுவாகக் கேட்டார். மைனி ஒரே பார்வையில் அவரை உட்கார வைத்தார்.

"பயணம் பொறப்பட்டு வந்த எடத்துல ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கப்படாதுலே. ஓமத்தண்ணி குடுக்கேன். சரியாப் போவும்."

அன்று சாயங்காலம் வலி சட்டென்று விட்டது. மைனிக்கு ஓமத்தின் மேல் பெருமை தாங்கவில்லை. நானும் நிம்மதியாக ஒரு இட்லி சாப்பிட்டேன். பிறகு டாக்டர் விளக்கியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். குடல்வால் என்பது பெருங்குடல் தொடங்கும் இடத்தில் தொங்கும் சுண்டுவிரல் அளவு குழாய். அதன் வாய் அடைத்துக்கொண்டால் உள்ளே சீழ் கட்டிப் புடைக்கும், அந்தப் புடைப்புதான் வலி. வெடித்துவிட்டால் புடைப்பு அடங்குவதால் வலி கொஞ்ச நேரம் குறைந்தாற்போல் இருக்கும். அதற்குள் சீழ் வயிறு முழுக்கப் பரவிவிடும். நாங்கள் ஓமத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம்தான் அது வெடித்த நேரம்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது காய்ச்சல் கொதித்தது. வயிறு பலகை மாதிரி விறைத்திருந்தது. வள்ளியூர் டாக்டர் வயிற்றில் கை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு சர்ஜனுக்குச் சீட்டு எழுதினார். மத்தியானம் விமானத்துக்குப் போகப் பேசி வைத்திருந்த கார்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தது. அதில் என்னைப் படுக்க வைத்த பிறகும் ஒரு விவாதம் நடந்தது.

"நாகர்கோவிலுக்குப் போவோமே. அங்கனயும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. அது முன்னால இருக்கு, பாளையங்கோட்டை பின்னால இருக்கு" என்றார் மைனி. திரும்பிப் போகக் கூடாதாம்.

கார் ஓட்டி வந்தவர்தான் அதை முடித்து வைத்தார். "டாக்டர் எழுதிக் குடுத்த எடத்துக்குப் போவோம் அண்ணாச்சி. அந்த அம்மா மொகத்தப் பாருங்க."

வடக்கே திரும்பினோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் எங்கள் தெரு. தெருமுனையைக் கடக்கும்போது கண்ணைத் திறந்து பார்த்தேன். கார் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தள்ளுபடுக்கையில் ஏற்றும்போது, பெயர் பதிகிற மேஜையில் விலாசம் கேட்டார்கள். இவர் எங்கள் வீட்டு விலாசத்தைச் சொல்ல வாயெடுத்தார். மைனி முந்திக்கொண்டு தன் வள்ளியூர் வீட்டு விலாசத்தைச் சொன்னார்.

"வீட்ட விட்டுப் பொறப்பட்டாச்சு. இப்பம் அந்த வெலாசத்தச் சொன்னா திரும்பிப் போன கணக்காயிரும்."

இவரும் யோசித்துவிட்டு ஆமாம் என்று தலையசைத்தார். அது சூலத்துக்காக மட்டும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

சர்ஜன் ஒல்லியான மனிதர், பேச்சும் ஒல்லி. என் வயிற்றில் மெதுவாக அமுக்கிச் சட்டென்று கையை எடுத்தார். "அமுக்கும்போது வலிக்கா, எடுக்கும்போது வலிக்கா?" எடுக்கும்போதுதான் உயிர் போயிற்று. வயிற்றின் உள்ளுறையில் சீழ் பட்டு அழன்றிருந்தால் அப்படித்தான் வலிக்குமாம். இரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், அன்று பகலிலேயே வயிற்றைத் திறந்தார்கள். மயக்க ஊசி போடுகிறவரிடம், "என் பொண்ணுக்குப் பிரசவம் இருக்கு" என்றேன். அவர், "நல்லபடியா நடக்கும்" என்றார். நான் சொன்னது, அதுவரைக்குமாவது என்னைச் சாக விடாதீர்கள் என்று. அவ்வளவு பயம் எனக்கு. வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை.

விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், வயிற்றின் பக்கத்தில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். மூக்குக் குழாய் இரைப்பைக்குப் போகிறது, உள்ளே ஊறுவதை வெளியே எடுக்க. வயிற்றுக் குழாய் மிச்சச் சீழை வடிக்க. கையில் இருப்பது சாப்பாடு, மருந்து, தண்ணீர் எல்லாம். வாய்வழியாக ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. வயிற்றைத் திறந்தால் குடல் கோபித்துக்கொண்டு வேலைநிறுத்தம் செய்துவிடும். அது மறுபடி அசையத் தொடங்கியதற்கு அடையாளம் காற்றுப் பிரிவது. காலையில் வந்தால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அது. மாலையிலும் அது. பார்க்க வந்த சக ஆசிரியைகள், இவருடைய மேனேஜர், பக்கத்துக் கட்டில்காரியின் மாமியார் என்று எல்லோரும் அதைக் கேட்டார்கள். இத்தனை வருஷம் சாக்பீஸ் பிடித்துச் சம்பாதித்த மரியாதை அந்த ஒரு கேள்வியில் போயிற்று. ஒரு விடியற்காலையில் அது பிரிந்தபோது சிஸ்டர் வார்டுக்கு வெளியே நடைக்கு ஓடிப்போய் இவரிடம் சொன்னார். இவர் நடையில் இருந்த அத்தனை பேருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன்.

இவர் ஏன் நடையில் இருந்தார் என்பதுதான் விஷயம். எங்கள் வீடு அந்த ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போகும் தூரம். இவரோ நடையில் கிடந்த மரப்பெஞ்சில் படுத்தார். பொதுக்குழாயில் குளித்தார். தலையணை இல்லை என்றால் புதிதாக வாங்கினார். டம்ளர், தட்டு, துண்டு, சோப்புப் பெட்டி எல்லாம் புதிது. என் பழைய சேலை இரண்டு வேண்டும் என்றேன், உடுத்தி மெத்தென்றானவை. மறுநாள் கடையிலிருந்து கஞ்சி முறுமுறுப்போடு இரண்டு புதுச்சேலை வந்தது.

"வீட்டுக்குப் போயி எடுத்துட்டு வாங்களேன். என்ன வந்திரும்?"

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "வீட்டுக்குப் போனா பயணம் ரத்து. போகாம இருந்தா தடங்கல். ரத்துக்கு நம்ம காப்பீட்டுல எடம் கெடையாது, கோமதி. தடங்கலுக்குத்தான் உண்டு. நாம பொறப்பட்டுட்டோம், நடுவழில இருக்கோம். அப்படியே இருக்கணும்."

மைனி தெய்வத்துக்குப் பயந்து வீட்டுப் பக்கம் போகவில்லை, இவர் மடிப்புத்தாளுக்குப் பயந்து போகவில்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்தால் தையல் இழுக்கும் என்பதால் சும்மா இருந்தேன். ஆனாலும் உள்ளுக்குள் நானும் கணக்குப் போட்டேன். விமானம் போய்விட்டது. இரண்டு டிக்கெட்டும் போயிற்று. சலுகைக் கட்டண டிக்கெட், திரும்பக் கிடையாது என்று ஏஜெண்ட் கையை விரித்துவிட்டார். கையில் இருந்ததை ஆஸ்பத்திரி தின்றுகொண்டிருந்தது. காப்பீட்டுப் பணம் வந்தால் இரண்டு புது டிக்கெட். வராவிட்டால் ஒன்றுக்குத்தான் வழி. பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்குமேல் இருந்தது. பெட்டி தூக்காமல், கூட ஒருவர் துணை வந்தால் அதற்குள் நான் பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தனியாகப் போகக் கூடாது. அதாவது இரண்டு டிக்கெட் இருந்தால் நான் வடிவிடம் போவேன். ஒரு டிக்கெட் என்றால் மாட்டேன். என் மகளுக்கும் எனக்கும் நடுவில் அந்த மடிப்புத்தாள் நின்றது.

வடிவிடம் முதலில் காய்ச்சல் என்றுதான் சொன்னோம். அவளுக்கு அழுத்தம் ஏறக்கூடாதே. அவள் நம்பவில்லை. தினமும் மாப்பிள்ளை எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணி விசாரிக்க, அந்த அம்மாள் ரசம் கொண்டுவரும் சாக்கில் எங்களிடம் வந்து சொல்லுவார். ரசத்தைக் குடிக்க எனக்கு அனுமதி இல்லை. இவர் குடித்தார்.

நன்மையும் இல்லாமல் இல்லை. என் தலைமுடி சிக்குப் பிடித்துக் கிடந்ததைப் பார்த்து இவர் ஒரு சீப்பு வாங்கி வந்தார், அதுவும் புதிது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனிதர் அன்றுதான் முதன்முதலாக என் முடியைத் தொட்டுப் பின்னினார். முதல் பின்னல் கயிறு முறுக்கினாற்போல் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரி சொல்லிக்கொடுத்தாள். இரண்டு மூன்று நாளில் ஒழுங்காகப் பின்னக் கற்றுக்கொண்டார். நான் அவரைத் திட்டுவதை அந்த நேரத்தில் மட்டும் நிறுத்தி வைத்தேன்.

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். ஆனால் தையலில் ஒரு ஓரம் சீழ் பிடித்துத் திறந்துகொண்டது. தினமும் மருந்துத் துணியை உள்ளே திணித்து, மறுநாள் உருவுவார்கள். அது உள்ளிருந்து ஆற வேண்டும், மேலே மூடவிடக் கூடாது என்பது அதன் தத்துவம். அப்படி உருவிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் காப்பீட்டுக் கம்பெனி ஆள் வந்து சேர்ந்தார். இவர் தினமும் எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று மெட்ராசுக்குப் போன் பண்ணிய பலன். பெயர் மைதீன், ஏரல்காரர், நேரில் பார்த்து விசாரித்து எழுதி அனுப்புவது அவர் வேலை. சிஸ்டர் வேலை முடிக்கும்வரை திரைக்கு வெளியே நின்றார். உள்ளே வந்ததும், "வலிக்குதா டீச்சர்? பைய பேசுங்க, அவசரமில்ல" என்றார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களைத்தான் இப்படி வேலைக்கு அனுப்புகிறார்கள்.

இவர் மடிப்புத்தாளை விரித்து, புதன்கிழமை வள்ளியூர் பஸ் டிக்கெட்டை அதன் மேல் வைத்தார். "நாங்க புதன்கெழமயே பொறப்பட்டுட்டோம். வீட்டுக்குத் திரும்பவேயில்ல. இது ரத்து இல்ல. தடங்கல்."

"அது செரி சார். பஸ் டிக்கெட்டுக்கு என்ன குடுத்தீங்க, ரொக்கமா?"

"பஸ்ஸுல கார்டா வே தேய்க்க முடியும்?"

"அதான் சார். கார்டுல எடுத்த வண்டில கால் வச்சாத்தான் பயணம் தொடங்குது. உங்களுக்கு அது திருவனந்தபுரத்துல ஏரோப்ளேன் படி. அதுக்கு முன்னால என்ன நடந்தாலும் பயணமே தொடங்கல."

"அப்பம் நாங்க வள்ளியூர்ல என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்?" என்றேன் நான்.

அவர் தன் கைப்பெட்டியிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலை எடுத்தார். "வள்ளியூர் ஒங்க வீடுதான டீச்சர்? வெலாசம் அப்படித்தான் இருக்கு. வீட்ல இருக்கும்போது சொகமில்லாமப் போச்சுன்னுதான் இத பாக்கிறவங்க சொல்லுவாங்க."

இவர் மைனியைப் பார்த்தார். மைனி ஜன்னலைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டோம் என்று காட்ட எழுதிய விலாசம், நாங்கள் கிளம்பவே இல்லை என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

"அது எங்க அக்கா வீடு வே. எங்க வீடு இங்கன, நடந்து போற தூரத்துல இருக்கு."

"இங்கனயே வீடு இருக்கா? பெறகு ஏன் சார் அங்க வெளிய பெஞ்சுல படுத்திருக்கீங்க?"

உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் எந்தக் கட்டத்தில் எழுதிக்கொள்வார்?

"சரி மைதீன்" என்றேன். "வெலாசத்த விடுங்க. பஸ்ஸ விடுங்க. நான் ஏரோப்ளேன் படியில கால வச்சிட்டு அங்கனயே வயித்தப் பிடிச்சிக்கிட்டு விழுந்திருந்தா?"

"அப்பவும் கஷ்டம்தான் டீச்சர். நோய்னா கார்டு யாரு பேர்ல இருக்கோ அவங்களுக்கு மட்டும்தான். சாருக்கு வந்திருந்தா உண்டு. வீட்டம்மாவுக்கு விபத்து மட்டும்தான்."

"விபத்துன்னா?"

"ஏரோப்ளேன் விழுந்தா... கையி காலு போனா..."

எனக்கு வந்த கோபத்தில் ஆறாத தையலெல்லாம் பிரிந்திருக்க வேண்டும். விமானம் விழுந்தால் எனக்கு உண்டு. குடல்வால் வெடித்தால் இல்லை. இதை மடிப்புத்தாளில் முதல் பக்கத்தில் போட்டால் என்ன கேடு? முதல் பக்கத்தில் பனைமரமும் கடற்கரையும் போட்டிருந்தார்கள். இந்தச் சமாச்சாரம் கடைசி மடிப்பில், சீரகம் மாதிரி எழுத்தில் இருந்ததை மைதீன் விரலால் தொட்டுக் காட்டினார். என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். ஊரார் கடன் பத்திரத்தில் ஒவ்வொரு வரியும் படிக்கிற மனிதர், சொந்தக் கார்டில் பனைமரத்தோடு நின்றுவிட்டார்.

"தாருங்கன்னு எழுதித்தான் அனுப்புதேன்" என்று எழுந்தார் மைதீன். "ஒங்க நெலமையையும் எழுதுதேன். மேல இருக்கிறவங்க கையில இருக்கு." அவர் அப்படியே எழுதியிருப்பார் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

பதில் வந்தபோது நான் வீட்டுக்குப் போகத் தயாராக இருந்தேன். கடிதம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம். பயணம் தொடங்கவில்லை, நோய் வசிப்பிடத்தில் வந்தது, நோயாளி அட்டைதாரர் அல்ல என்று எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசியில் ஒரு வரி: அட்டைதாரர் பயணம் செய்யத் தகுந்த உடல்நிலையிலேயே இருந்தார், அவர் பயணம் செய்யாதது அவர் விருப்பம். இவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். "நான் ஒன்னை இங்கன போட்டுட்டுப் போயிருக்கணுமாம், கோமதி."

அந்த வாரம் முழுக்க எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. கார்டு மேல், கம்பெனி மேல், மைனியின் ஓமத்தின் மேல், பஞ்சாங்கத்தின் மேல், என் வயிற்றின் மேல். வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போனபோது தூசி படிந்த கூடத்தில் நின்று, பயணம் தொடங்கவும் இல்லை, நின்றுபோகவும் இல்லை என்றால் இத்தனை நாள் நாங்கள் எங்கேதான் இருந்தோம் என்று சத்தமாகவே கேட்டேன். இவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தார்.

ஆனால் அந்தக் கடைசி வரி மண்டையில் உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் காலையில் சொல்லிவிட்டேன்.

"நீங்க பயணம் செய்யத் தகுந்த உடம்போட இருக்கீங்கன்னு கம்பெனியே சர்ட்டிபிகேட் குடுத்திருக்கு. நீங்க போங்க."

"நானா? நான் போயி என்ன செய்ய?"

"நான் என்ன செய்வேனோ அத."

மைனி கேட்டதும் வள்ளியூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். "ஏட்டி, ஆம்பளை போயா பிரசவம் பாப்பான்? ஊரு சிரிக்கும்."

"ஊரா டிக்கெட்டு எடுத்துக் குடுக்கப் போகுது, மைனி?" என்றேன். மைனி சமையலறைக்குப் போய், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்துக்குச் சுக்கும் திப்பிலியும் வறுக்க ஆரம்பித்தார். இவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கிண்டும் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

குளிப்பாட்டுவதை நான் சொல்லிக்கொடுத்தேன். நான் கட்டிலில் படுத்தபடி உத்தரவு போட, இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முற்றத்தில் மணையில் உட்கார்ந்து காலை நீட்டினார். பிள்ளைக்குப் பதில் ஒரு சுரைக்காய். எண்ணெய் தேய்த்தால் பச்சைப்பிள்ளை எப்படி வழுக்கும் என்று தெரிய வேண்டுமல்லவா? கணுக்காலுக்கு நடுவில் தலையை வை, ஒரு கையால் கண்ணுக்குத் தண்ணீர் போகாமல் தடுத்துப் பிடி, முதுகுக்குத் திருப்பும்போது நெஞ்சைத் தாங்கு. முதல் நாள் சுரைக்காய் நழுவி முற்றத்தில் விழுந்து உடைந்தது. அன்று மதியம் அதுவே கூட்டு. பிறகு சுரைக்காய் உடையவில்லை.

அவர் கிளம்பிய நாள் என்ன கிழமை, எந்தப் பக்கம் சூலம் என்று நான் யாரையும் கேட்கவிடவில்லை. இருந்த பணத்தில் ஒரு டிக்கெட் ரொக்கமாக வாங்கினோம். வாசலில் நின்று கையசைத்தேன். கார் திரும்பியதும் உள்ளே வந்து, மஸ்கட்டுக்கென்று எனக்குத் தைத்து வைத்திருந்த இரண்டு நீளக்கை ரவிக்கைகளைப் பீரோவின் அடியில் தள்ளினேன். மனது ஆறவே இல்லை. அவர் போவதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன், சந்தோஷம் வரவில்லை.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண். அழுத்தம் கடைசிவரை ஏறி இறங்கி எல்லோரையும் ஆட்டி வைத்துவிட்டுப் பிறந்தாள். மாப்பிள்ளை போனில் சொன்னபோது மைனி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார். ஒரு வாரம் கழித்து வடிவே பேசினாள். நான் பக்கத்து வீட்டுக் கூடத்தில் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"எம்மா, அப்பா என்ன அழகா குளுப்பாட்டுதாவ தெரியுமா? பிள்ளை அழவே மாட்டேங்கா."

"அப்படியாட்டி?"

"ஆமா. மருந்துதான் வாயில வைக்க முடியல. எனக்குத் தலை வேற பின்னி விடுதாவ."

"பிரசவத்தப்பம் ரொம்பக் கஷ்டப்பட்டியா?"

"அப்பா வெளியதான் நின்னாவ. உள்ள ஆம்பளையள விட மாட்டாங்க. ஒரு மலையாளத்து நர்சு என் கையப் பிடிச்சிக்கிட்டு நின்னா. விடிய விடிய நின்னா. அவ பேரு கூட எனக்குத் தெரியல. நான் அவளத்தான் எம்மா எம்மான்னு கூப்பிட்டிருக்கேன். பெறகு அவளே வந்து சொல்லிச் சிரிச்சா."

வடிவும் சிரித்தாள். நானும் சிரித்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி, ரிசீவரை வைத்தேன்.

அந்த நர்சு எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவள் நின்ற இடம் என் இடம்.